தீர்த்தகிரி பார்க்காத வாய்

காரிமங்கலம் சந்தைக்கு மாடு வாங்க வருகிறவர்கள் முதலில் மாட்டைத் தேட மாட்டார்கள். தீர்த்தகிரியைத் தேடுவார்கள். செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்ததும் தலையில் பச்சைத் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் உள்ளே நுழைந்தாரென்றால், சாயங்காலத்துக்குள் சந்தையிலிருக்கும் பாதி மாடுகளின் வாயில் அவர் விரல் போய் வந்திருக்கும். எனக்கு அவர் மாமா, என் அக்கா நஞ்சம்மாளின் புருசன். நான் மாரியப்பன், சந்தை வாசலில் டீக்கடை வைத்திருக்கிறேன். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமையுள்ள ஆள் கிடையாது. கொஞ்சம் சூடாகத்தான் சொல்வேன். பெண் கொடுத்த வீட்டுக்காரன் வேறு எப்படிச் சொல்வான்?

மாட்டுக்கு மேல் வரிசையில் முன்பல் கிடையாது. கீழே எட்டு. கன்றில் முளைத்த பால்பல் விழுந்து, இரண்டு இரண்டாகப் பெரிய பல் வரும். ரெண்டு பல் போட்ட மாடு, நாலு பல் போட்ட மாடு என்று அதை வைத்துத்தான் வயசைச் சொல்வார்கள். எட்டும் வந்துவிட்டால், அதற்குப் பிறகு தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் எந்தத் தரகருக்கும் தெரிந்ததுதான். மாமாவிடம் கூடுதலாக இருந்தது பொறுமை. மாடு தின்பதையும் அசை போடுவதையும் ஒரு டம்ளர் டீ ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருமுறை மாரண்டஹள்ளியிலிருந்து வந்த சவரிராயன் என்ற விவசாயி, ஒரு கறவை மாட்டைக் கிட்டத்தட்டப் பேசி முடித்துவிட்டார். மடி நன்றாக இருந்தது. பல் நாலுதான். மாமா என் கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினார்.

"வேணாங்க. ஒரே பக்கமா அசை போடுது பாருங்க. அந்தாண்டப் பக்கம் எதோ வலி இருக்குது. தீனி எடுக்காது, வத்திப்போவும்."

மாட்டுக்காரன் சண்டைக்கு வந்துவிட்டான். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் இடுக்கில் ஒரு கம்பித் துண்டு குத்தி, சுற்றிலும் புண்ணாகிக் கிடந்தது. மாமா அதைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டு, "இப்ப வாங்கிக்குங்க" என்றார். சவரிராயன் இன்றைக்கும் சந்தைக்கு வந்தால் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மாட்டுப் பக்கம் போவார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்காக நான் இதைச் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் பல் விளக்க மாட்டார். காலையில் ஒரு சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆள்காட்டி விரலை உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் அவருக்கு வேலை முடிந்தது. நான் கடை வாசலில் பிரஷ்ஷும் நுரையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும், அவர் வாய் சும்மா இருக்காது.

"ஏன் மச்சான், மாடு பல்லு வெளக்குதா? ஆடு வெளக்குதா? எத்தன ஆயிரம் வாயி பாத்திருப்பேன், ஒன்னுலயாவது சொத்த இருந்துச்சா? தெனமும் வெளக்குற உனக்குத்தான் மூணு பல்லு அடைச்சு வச்சிருக்குது."

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். எனக்கு மூன்று பல் அடைத்திருப்பது உண்மை. அவருக்கு முப்பத்திரண்டும் இருப்பதும் உண்மை. வறுத்த கொள்ளை என் கண்ணெதிரே கடகடவென்று கடித்துத் தின்பார். 

அவரிடம் இன்னொரு சாட்சியும் இருந்தது. பல வருசத்துக்கு முன்னால் எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு நிலத்தை ஜேசிபி வைத்துச் சமன்படுத்தினார்கள். சுற்றிலும் குண்டுக்கல் வைத்த பழைய குழி ஒன்று அங்கே இருந்தது. அதற்குள்ளிருந்து உடைந்த பானையும் ஒரு தாடை எலும்பும் வந்தன. மாட்டுத் தாடையா மனிதத் தாடையா என்று கேட்க ஊரே மாமாவைத்தான் கூப்பிட்டது. அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "மனுசன்தாங்க" என்றார். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து அதை மறுபடி மண்ணிலேயே வைத்து மூடிவிட்டார்கள். ஆனால் அந்தப் பல்லை அவர் மறக்கவில்லை. அம்மிபோல மழமழவென்று தேய்ந்திருந்ததாம். ஒரு பொத்தல் கிடையாதாம். கடைசிக் கடைவாய்ப் பல்கூட வரிசையில் இடம்பிடித்துச் சரியாக நின்றிருந்ததாம். "எந்தக் காலத்து ஆளோ, அவன் எந்தக் கடையில பேஸ்ட்டு வாங்குனான்?" என்று கேட்பார்.

கடைசியாக எங்கள் தண்ணீர். தருமபுரிப் பக்கத்து ஆள்கள் சிரித்தாலே ஊர் தெரிந்துவிடும். போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. எங்கள் அக்காவுக்கு அது அதிகம். எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. போகாத கறையைத் தேய்க்கிறவன் பைத்தியக்காரன் என்பது மாமாவின் முடிவு. எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்த முடிவோடுதான் இருந்தார்கள். தேய்த்தாலும் இப்படித்தான், தேய்க்காவிட்டாலும் இப்படித்தான், அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். என் அக்காவும் அதில் ஒருத்தி.

அக்கா புளி மண்டியில் வேலை செய்தாள். நாளெல்லாம் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுக்கிற வேலை. காலையில் களி கிண்டி வைப்பது மாமாவுக்கு. இவளுக்கு அதை உட்கார்ந்து தின்ன நேரமிருக்காது. பத்து மணிக்கு ஒரு டீ, ஒரு பன். மத்தியானத்துக்கு முன்னால் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். மூன்று மணிக்கு ஒன்று, வீட்டுக்குப் போகும்போது ஒன்று. பசி தெரியாமலிருக்கச் சக்கரை கூடவே கேட்பாள். போட்டுக் கொடுப்பவன் நான். மாமாவுக்கோ இனிப்பென்றாலே குமட்டும். சக்கரை போடாத டீதான் குடிப்பார், இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் கொள்ளைத் தவிர ஒன்றும் தொட மாட்டார்.

சிரிக்கும்போது அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். கறைக்காகத்தான் மூடுகிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சாப்பிடும்போது ரொம்ப மெதுவாகச் சாப்பிடுவாள். மாமா பார்ப்பவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார். "இவ தின்னு எழுந்திரிக்கறதுக்குள்ள நம்ம செவல மாடு ரெண்டு தரம் அசை போட்டு முடிச்சிரும்."

ஒரு சந்தை நாள் மத்தியானம் அக்கா என் கடைக்கு வந்தாள். கன்னத்தில் கை வைத்திருந்தாள். கிராம்பு வாசனை அடித்தது. மாமா பெஞ்சில் இருந்தார், கூட நாலு தரகர்கள்.

"இந்தப் பல்லக் கொஞ்சம் பாருங்களேன், ராத்திரியெல்லாம் தெறிக்குது" என்றாள்.

மாமா எழுந்திருக்கக்கூட இல்லை. அங்கிருந்தே, "தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா? உங்கப்பன் சும்மா குடுத்தது" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். அக்காவும் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் கண்ணை மட்டும் இடுக்கிப் பார்த்துவிட்டு, "கறுப்பா இருக்குதே, அதான? தண்ணிக்கறை. வயசாவுதில்ல, தேஞ்சு தானா வுழுந்துடும்" என்றார். அத்தோடு விசாரணை முடிந்தது. அக்கா டீ குடித்துவிட்டு மண்டிக்குப் போனாள். எனக்கு அன்றைக்கே சுர்ரென்று ஏறியது. ஆனால் பல் விசயத்தில் அவரிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியுமா என்று விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து இன்னொரு செவ்வாய்க்கிழமை. மண்டியில் அவளோடு வேலை செய்யும் ராணியம்மாள் அக்காவைக் கைத்தாங்கலாக என் கடைக்குக் கூட்டி வந்தாள். தாடைக்குக் கீழே தொண்டை முழுக்க வீங்கி, கழுத்து எது முகம் எது என்று தெரியவில்லை. உடம்பு கொதித்தது. வாயோரம் எச்சில் வழிந்தது, அதை விழுங்க அவளால் முடியவில்லை. மூச்சு இழுக்கும்போது ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நான் கூச்சல் போட்டதில் மாமா வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். "வாயத் தொற, நஞ்சா, வாயத் தொற" என்றார். அவளால் திறக்க முடியவில்லை. மாமா அவள் தாடையைப் பிடித்தார். முட்டுகிற காளையின் வாயையும் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு பிடி பிடித்துத் திறந்துவிடுகிற கை அது. அந்தக் கையின் சுண்டுவிரல் நுழையக்கூட என் அக்காவின் பல்லிடுக்கில் வழி இல்லை.  ரெண்டு தடவை முயற்சி செய்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்படியொரு பார்வையை அவரிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை.

மாடு ஏற்ற வந்த சவரிராயன் தன் வண்டியைத் திருப்பினார். படுத்தால் மூச்சு முட்டியதால் அக்காவை முன் சீட்டில் உட்கார வைத்து நான் பிடித்துக்கொண்டேன். மாமா பின்னால், மாடு நிற்கிற வைக்கோல் மேல் நின்றபடி, சின்ன ஜன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் போய்த்தான் வண்டி நின்றது.

பல்லில் ஆரம்பித்த சீழ் நாக்குக்கு அடியில் இறங்கித் தொண்டையை அடைக்கிறது என்றார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார்கள். கேட்ட மாமா, "பல்லுலயா?" என்றார். அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். அவர் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு யாரிடம் என்றில்லாமல் மறுபடியும், "பல்லுலயா?" என்றார். தாடைக்குக் கீழே கீறிச் சீழை வெளியேற்றி, அந்தப் பல்லையும் பிடுங்கி, குழாய் வைத்து வார்டுக்கு அனுப்பினார்கள். பிழைப்பாளா என்பது உடனே தெரியவில்லை. மாமா அங்கே ஒரு டீ குடிக்கவில்லை. நான் அவரோடு பேசவும் இல்லை. பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

காய்ச்சல் இறங்கி, அக்கா கண் திறந்து எங்களை அடையாளம் கண்டு கையை ஆட்டிய பிறகுதான் எனக்குக் கோபம் ஒரு படி இறங்கியது. அன்றைக்குப் பல் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். ஜாஸ்மின் என்று பெயர், நல்லம்பள்ளிப் பக்கம், சின்ன வயசுப் பெண். பிடுங்கிய பல்லைக் கழுவி ஒரு சின்ன டப்பாவில் வைத்திருந்தார். மாமா கேட்டு வாங்கி உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே கடுகளவு கறுப்புப் பொத்தல். உள்ளே எட்டிப் பார்த்தால் பல்லே இல்லை, வெறும் குகை.

"இது தண்ணிக்கறைன்னு நெனச்சேன்" என்றார்.

"தண்ணிக்கறை இதுங்கய்யா" என்று டாக்டர் பக்கத்திலிருந்த பழுப்புக் கோட்டைக் காட்டினார். "இது வெளிய ஒட்டுனது இல்ல. அவங்க சின்னப் புள்ளையா இருக்கறப்ப, பல்லு ஈறுக்குள்ள உருவாகுற நேரத்துல குடிச்ச தண்ணி. அதுல இருக்குற புளோரைடு பல்லோடயே சேர்ந்து கட்டிடுச்சு. அதான் தேச்சா போவாது. இந்தக் கறுப்பு வேற. இது கெட்டுப்போனது. ரெண்டும் ஒன்னாத் தெரியறதால நம்ம ஊருல நெறையப் பேரு விட்டுடறாங்க."

நான் அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்தேன். நானும் அவளும் சின்னதில் ஒரே அடிபைப்பில் தண்ணீர் பிடித்துக் குடித்தவர்கள். அந்தத் தண்ணீர் அவள் பல்லுக்குள் இன்னும் இருக்கிறதென்றால், அது என் வாயிலும் இருக்கிறது. 

மாமா விடவில்லை. "மாட்டுக்கு ஏம்மா இப்படி வர்றதில்ல? அதுவும் வெளக்குறதில்லயே?"

அவர் தர்க்கத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டாக்டருக்கும் அது புரிந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"மாடு சக்கரை தின்னுதாங்கய்யா? அது புல்லு திங்குது. நாள் பூரா எச்சில் சுரந்துக்கிட்டே இருக்குது, ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல. அது வாயக் கழுவிக்கிட்டே இருக்கும். அதோட கடைவாய்ப் பல்லு நீங்க பாக்குறதவிட நீளம். மீதி தாடைக்குள்ள இருக்குது. மேல தேயத் தேயக் கீழேருந்து கொஞ்சங் கொஞ்சமா ஏறி வரும்."

"ஆமா, ஆமா" என்றார் மாமா. "செத்த மாட்டுத் தாடையில பாத்திருக்கேன், அடியில வெரல் நீளம் இருக்கும். அது எதுக்குன்னு தெரியாது."

"மணலும் புல்லும் மெல்லுற வாயிக்கு அப்படி அமைஞ்சிருக்குது. யானைக்கு ஆறு தரம் கடைவாய்ப் பல்லு வரும். ஒன்னு தேஞ்சா பின்னாலருந்து அடுத்தது நகர்ந்து வரும். ஆறாவதும் தேஞ்சுட்டா அதால மெல்ல முடியாது."

 மாமா, மாரண்டஹள்ளிக் காட்டோரம் ராகி மேய வந்த ஒரு கிழட்டு யானை, வாயில் போட்ட தட்டையை மென்று முழுங்க முடியாமல் உருண்டையாகக் கீழே துப்பிக்கொண்டே நின்றதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். "அது அப்ப பசியோடதான் நின்னுச்சா?" என்றார். டாக்டர் தலையாட்டினார்.

"மனுசனுக்கு?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டே தரம். பால்பல்லு ஒன்னு, அப்புறம் இது. இதுக்கு மேல இருக்குற வெள்ளை இருக்குதே, உடம்புலயே கெட்டி இதுதான், எலும்பவிடக் கெட்டி. ஆனா அதச் செய்யற செல்லுங்க, பல்லு ஈற விட்டு வெளிய வர்றதுக்குள்ள செத்துப்போயிடும். வூடு கட்டுன கொத்தனாரு கட்டி முடிச்சதும் போய்ட்ட மாதிரி. அதுக்கப்புறம் ஒரு பொத்த வுழுந்தா அடைக்க உள்ள ஆளே கெடையாது. கை ஒடஞ்சா கூடும், தோலு கிழிஞ்சா மூடும். பல்லு மட்டும் மூடாது."

மாமா உள்ளங்கையிலிருந்த பல்லை இன்னொரு விரலால் தொட்டார். ஏதோ கோயில் பிரசாதத்தைத் தொடுவதுபோல இருந்தது அவர் தொட்ட விதம். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். இத்தனை வருசமாக இதை வைத்து முறுக்குக் கடித்திருக்கிறோம், இதற்குள் இப்படியொரு சங்கதி இருக்குமென்று யார் கண்டார்கள்?

அப்போதுதான் மாமா தன் பழைய சாட்சியை எடுத்தார். குண்டுக்கல் குழியில் கிடைத்த தாடை, அம்மிபோலத் தேய்ந்த பல், பொத்தலே இல்லாதது எல்லாவற்றையும் சொன்னார். "அந்த ஆளு மட்டும் எப்படிம்மா தப்பிச்சான்?"

டாக்டரின் கண் விரிந்தது. "நீங்க கையில வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அவருக்கு அது பெரிய விசயமாக இருந்தது. "ஒரு தாடைய வச்சு அந்தக் காலத்துல யாருக்குமே பல்வலி இல்லேன்னு சொல்லிட முடியாதுங்க. ஆனா ஒன்னு. லட்சக்கணக்கான வருசம் நம்ம முன்னோருங்க கெழங்கு, கொட்டை, கறி, பழம்னு மென்னு மென்னுதான் தின்னாங்க. தேனு எப்பவாச்சும் கெடைச்சாத்தான். அந்தத் தீனிக்குத்தான் இந்தப் பல்லு. விவசாயம் வந்து சோறும் மாவும் ஆனது, அதுக்கு முன்னாடிப் போன காலத்தோட வச்சுப் பாத்தா நேத்து. அப்பவே சொத்தை அதிகமாயிடுச்சு. ஆனாலும் அந்த மாவுல கல்லுத்தூளு, உமி எல்லாம் கெடக்கும். அது பல்லத் தேச்சு மேல இருக்குற பள்ளத்தயே இல்லாம ஆக்கிடும். பள்ளம் இருந்தாத்தான தீனி தங்கும்? மென்னு மென்னு தாடையும் பெருசா வளந்தது, அதான் கடைசிப் பல்லுக்கும் எடம் கெடைச்சது. எல்லார் டம்ளர்லயும் வெள்ளச் சக்கரை வந்தது இன்னிக்குக் காலையில. வாயில இருக்குற கிருமி நம்மளோடயே காலங்காலமா வர்றதுதான். நாம இனிப்பு தின்னா அதுவும் தின்னுட்டு, அமிலத்த வுடுது. ஒரு வாய் டீ குடிச்சா அரை மணி நேரம் பல்லு அதுல ஊறுது. நாளுக்கு அஞ்சாறு தரம் ஊறுனா எந்தக் கல்லுதான் தாங்கும்? தீனி நேத்து மாறிடுச்சுங்கய்யா. பல்லு இன்னும் அந்தக் காட்டுலயே இருக்குது. அது மாறி வர்றதுக்குள்ள நாம இருக்க மாட்டோம். அதனால கையால வெளக்கித்தான் ஆகணும்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆள்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு பிரஷ்ஷுக்குப் பின்னால் இவ்வளவு காலம் நிற்கிறதா? நான் தினமும் நுரையைத் துப்பிவிட்டுப் போனேனே தவிர, எதற்கு என்று கேட்டதில்லை. என் அக்காவின் டம்ளரில் நான் போட்ட ஒவ்வொரு கரண்டியும் நினைவுக்கு வந்தது.

"எனக்கு ஏன் ஒன்னும் ஆகல?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

டாக்டர் அவரை ஜன்னல் பக்கம் திருப்பி வாயைத் திறக்கச் சொன்னார். ஊர் மாட்டு வாயெல்லாம் திறந்தவர் முதல்முறையாகத் தன் வாயைத் திறந்துகொண்டு நின்றார். "இனிப்புத் தின்னாததால பல்லுல பொத்த இல்ல. ஆனா ஈறு கீழ எறங்கிடுச்சு, முன்பல்லுக்குப் பின்னால பாறையாட்டம் கல்லு கட்டியிருக்குது. இது மண்ணுல போட்டாலும் கரையாதுங்க. ஆயிரக்கணக்கான வருசத்துப் பல்லுல இருக்குற இந்தக் கல்லச் சொரண்டித்தான் அவங்க என்ன தின்னாங்கன்னே கண்டுபுடிக்கறாங்க."

"அப்ப நான் தின்ன களி?"

"அதுல எழுதியிருக்கும்" என்று டாக்டர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. நாக்கால் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே வார்டுக்கு நடந்தார்.

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். வீக்கம் வடிந்தாலும் வாய் முழுசாகத் திறக்கவில்லை. ஐஸ் குச்சிபோன்ற மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, இளகியதும் இன்னொன்றைச் சேர்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த வேலையை மாமா யாரிடமும் கொடுக்கவில்லை. அதட்டவில்லை, அவசரப்படவில்லை. புதுக் கன்றுக்கு மூக்கணாங்கயிறு பழக்குகிற மாதிரி, கொஞ்சம் வைப்பார், எடுப்பார், கன்னத்தைத் தடவுவார், மறுபடி வைப்பார். வீட்டில் குழாயடிச் சுவரில் ஆணி அடித்து இரண்டு பிரஷ் தொங்கின. முதல் நாள் அவர் ஈறில் ரத்தம் வர விளக்கிவிட்டுத் துப்பியதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் நான் கீரை கடைந்து எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். குச்சிகளை எடுத்ததும் வாய் நன்றாகவே திறந்தது. மாமா செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தார். கல்யாணமாகிப் பேத்தி பேரன் எடுத்தாயிற்று. அந்த வாய்க்குள் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ரொம்ப நேரம் பார்த்தார். மாட்டைப் பார்க்கிற அதே பொறுமை. இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை, மறுபடி இடது பக்கம். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டார்.

"இடப்பக்கம் எல்லாம் தேஞ்சு கெடக்குது" என்றார். "வலப்பக்கம் தேய்மானமே இல்ல, கல்லாக் கட்டி நிக்குது. நீ ஒரே பக்கமாத்தான் மென்னிருக்கற."

அக்கா முந்தானையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தன வருசமா?"

"சின்னவ கல்யாணத்துக்கு முன்னாடியிலருந்து" என்றாள் அக்கா. "அந்தப் பக்கம் வச்சா உசுரு போவும். அதான் இந்தப் பக்கமா மெதுமெதுவாத் தின்னுக்குவேன்."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சின்ன மகளுக்குப் பிறந்த பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். "சவரிராயன் மாட்ட ஒரு டீ குடிக்கற நேரத்துல கண்டுபுடிச்சேன்" என்றார்.  "நீ எதுருலயே உக்காந்து தின்ன."

"நீங்க எங்க பாத்தீங்க. தின்னுட்டு எழுந்து போயிருவீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவரைத் திட்டுவதற்கென்று நான் இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் எனக்கு வரவில்லை.

இருட்டுவதற்குள் அக்கா களி கிண்டினாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாமா வழக்கம்போல நாலு வாயில் முடித்துவிட்டார். நானும் முடித்துவிட்டேன். அக்கா சின்னச் சின்ன உருண்டையாக எடுத்து, இடது பக்கமே வைத்து, கீரையைத் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். பாதித் தட்டு மீதி இருந்தது. மாமா எழுந்திருக்காததைப் பார்த்துவிட்டு அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

"எழுந்து கையக் கழுவுங்க, காஞ்சுபோச்சு" என்றாள்.

"இருக்கட்டும்" என்றார் மாமா. "நீ மெதுவாத் தின்னு."

அவள் தின்று முடிக்கும்வரை அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.